நெடுவழிச் செலவுக்கு மிதிவண்டியா, மோட்டாரா?

நம் பண்டைப் புலவர்கள் "செலவு" என்னும் சொல்லை வழிச்செல்லுதல் என்னும் பொருளிற் பெரிதும் வழங்கினர். பொருள் தேடப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் வருத்தங் கண்டு தன் போக்கைத் தள்ளிவைத்தலைச் "செலவழுங்கல்" என்று அகப்பொருள் நூலார் கூறுவர். இக்காலத்து நாமோ அச்சொல்லைக் கைப்பொருள் குறைதற்கே உரியதாக்கி, வழிச்செல்லுதலுக்குப் பிரயாணம் என்றும் பயணம் என்றும் வேறு சொற்களைக் கொண்டோம். ஆயினும் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று முற்றும் விட்டு நீங்கவில்லை என்பதை எம் வகுப்பு மாணவர் அறுவரிடையே இவ்வாண்டு எழுந்த வழக்கு ஒன்று எனக்குக் காட்டிற்று. அவ்வழக்கே இக்கட்டுரை பிறந்ததற்குக் காரணம்.

வழக்கு இதுதான். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டம் வகுப்பில் முடிந்த அன்று, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு நடந்த வழியை நாமும் ஒருமுறை கண்ணாற் காணல் வேண்டும் என்று ஒருவர் சொன்னார்; ஐவர் உடன்பட்டோம். அவர்கள் புகாரினின்று மதுரைக்கு வந்தார்கள். நாம் தெற்கே இருப்பவராதலின் மதுரையிலிருந்து புகாருக்கு எதிர்முகமாகச் செல்லல் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மதுரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி 135. அங்கிருந்து தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் மீண்டும் ஒரு 160. ஆகச் சற்றேறக்குறைய 450 கிலோமீட்டர். இதனை எதன்மேற் செல்வது? ஒரு நண்பரின் மாமா தம்முடைய வேனைச் சில நாட்களுக்கு இரவல் தர இசைந்தார். யானும் மற்றொருவரும் மிதிவண்டியே தகும் என்று நின்றோம். மூவர் இருபக்கமும் தலையசைத்தனர். அறுவருள் ஒருவருக்கு ஒரு விபத்தினால் வலது முழங்கால் மடங்குவதில்லை. அவர் அன்று யாதொன்றும் பேசவில்லை. அதனை யாம் அப்பொழுது கருதாதுபோனது எம் பிழை.

இரு கட்சியாரும் அறியாத ஒரு செய்தியை முதற்கண் சொல்லிவிடுகிறேன். யாம் பகைவராக எண்ணிய இவ்விரு வண்டிகளும் ஒரு குடிப்பிறந்தவை. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாணளவுமாக இருந்த பழைய வண்டியை ஒழித்து, இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக்கிப் பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் மிதிவண்டியை இங்கிலாந்திற் காவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் வெளியிட்டார். நாள்தோறும் நாம் ஏறிவரும் வண்டி இன்றுவரை அதன் உருவமே. அதற்கு அவர் இட்ட பெயர் "ரோவர்", அலைந்து திரிபவன் என்பது பொருள். அவர் நிறுவிய தொழிலகமே பின்னர் மோட்டார் வண்டி செய்யும் ரோவர் கம்பெனியாயிற்று. 1948-இல் அக்கம்பெனி வெளியிட்டதுதான் காட்டிலும் மேட்டிலும் ஏறும் "லாண்ட் ரோவர்". மிதிவண்டி மூத்த பிள்ளை. மோட்டார் இளைய பிள்ளை. பங்காளிகளின் வழக்கே கடுமையாக நடக்கும் என்பது நம் ஊர் நீதிமன்றங்களை அறிந்தவர்க்குத் தெரியும்.

இனி, பொருட்செலவைக் கணக்கிட்டோம். மிதிவண்டி காசில்லாதவன் வாகனம், மோட்டார் காசுள்ளவன் வாகனம் என்பது எம் எல்லோருடைய துணிபு. கணக்கு அவ்வாறு வரவில்லை. வேன் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் என்றார் உரியவர். போகவும் வரவும் 900 கிலோமீட்டருக்கு 75 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் 6,900 ரூபாய். அறுவர் பங்கிட்டால் தலைக்கு 1,150. நான்கு நாளில் திரும்பிவிடலாமாதலின், உணவுக்கும் படுக்கைக்கும் நாளொன்றுக்கு 250 ரூபாயாக 1,000. ஆகத் தலைக்கு 2,150. சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. மிதிவண்டிக்கோ டீசலும் இல்லை, சுங்கமும் இல்லை. ஆயின் சுமையேற்றிய வண்டியில் பழக்கமில்லாத கால்கள் நாளொன்றுக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தல் அரிது. போக ஆறு நாள், வர ஆறு நாள். பன்னிரு நாளைக்கும் வயிறு தன் வரியைத் தவறாது கேட்கும். தலைக்கு 3,000 ரூபாய்! மிதிப்பவன் வயிறு வேனில் அமர்ந்தவன் வயிற்றினும் பெரிது என்பதை யான் இதில் சேர்க்கவில்லை.

கணக்குத் தாளைக் கண்டு யான் வாயடைத்துப் போனேன். என் கட்சி நண்பர்மட்டும், "அறுவர்க்குப் பதில் இருவர் சென்றால்?" என்று கேட்டார். இருவராயின் டீசல் தலைக்கு 3,450 ஆகிறது, மிதிவண்டியே வெல்லும். ஆகவே மலிவு என்பது வண்டியைப் பொறுத்ததன்று. வண்டியில் எத்துணை இடம் வெறுமையாகப் போகிறது என்பதையும், வழியில் எத்துணை இரவு தங்குகிறோம் என்பதையும் பொறுத்தது. நெடுவழிச் செல்வோர் பலர் இங்கே தவறுகின்றனர். எண்ணெயைக் கணக்கிடுவார், நாட்களைக் கணக்கிடார்.

பொருளால் வழக்குத் தீராதாயிற்று. பின் எதனால் தீர்ப்பது? யான் கல்லூரி நூலகத்தில் சில நாள் இருந்து, நெடுவழி சென்ற பிறர் கதைகளைப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. எந்த வண்டியும் நம்மைத் தன்னாட்சி உடையவராக்குவதில்லை. யாருக்குக் கடன்படுகிறோம் என்பதை மட்டும் மாற்றுகிறது. மிதிவண்டியில் செல்பவன் வழியிலுள்ள மனிதருக்குக் கடன்படுகிறான். மோட்டாரில் செல்பவன் எண்ணெய்க்கும் மெக்கானிக்குக்கும் அரசாங்கக் காகிதத்துக்கும் கடன்படுகிறான். இரண்டில் எக்கடன் நமக்குத் தாங்கும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் மிதிவண்டியாளர் கதை. பானி புல்லக் வொர்க்மன் என்னும் அமெரிக்க மாதும் அவர்தம் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1897-ஆம் ஆண்டின் இறுதியிற் கீழ்த்திசைக்கு வந்து, நம் தேசத்தின் தென்கோடி தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரை மிதிவண்டியிற் சுற்றினர். அவர்கள் கடந்த வழி மொத்தம் ஏறத்தாழ 14,000 மைல் என்பர். தேநீர்த்தூள், சர்க்கரை, பிஸ்கோத்து, தகர டப்பாவில் அடைத்த இறைச்சி, ஆளுக்கொரு கம்பளி, எழுதுகருவி, மருந்து, பழுதுபார்க்கும் கருவி என்று சுமை சிறிது. ஆனால் ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியதுண்டு. வேறிடம் கிடைக்காதபோது புகைவண்டி நிலையத்துப் பயணியர் அறையிற் படுத்தனர், எலிகளோடும் படுத்தனர். நாற்பது பஞ்சர் என்பது பிறநாட்டார்க்கு வியப்பாக இருக்கலாம். கருவேல முள் உதிரும் சாலைகளில் வண்டி உருட்டி வளர்ந்த நம் மாவட்டத்தார் அதனை எளிதில் நம்புவர். சீமைக்கருவேலம் வந்து பரவிய பின் முள்ளுக்கு இன்னும் குறைவில்லை.

மற்றொருவர் அயர்லாந்து நாட்டு டெர்வ்லா மர்பி. 1963-ஆம் ஆண்டு சனவரியில், ஐரோப்பாவில் கொடும்பனி பெய்துகொண்டிருந்த காலத்தில், தனியொரு பெண்ணாய் மிதிவண்டியிற் புறப்பட்டு யூகோஸ்லாவியா, துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் கடந்து தில்லியை அடைந்தார். தம் வண்டியில் இருந்த மூன்று வேகப் பல்லிணைப்பை முன்னதாகவே கழற்றிவிட்டார். ஆசியாவின் சாலைகளை அது தாங்காது என்பது அவர் எண்ணம். நாம் இக்காலத்தில் இருபத்தொரு வேகம் உடைய வண்டியை விளம்பரத்திற் கண்டு ஏங்குகிறோம். கழற்றினால் எது மிஞ்சும் என்று பார்த்தவர் அவர்: கிராமத்துக் கொல்லனும் பழுதுபார்க்கத்தக்க வண்டி மிஞ்சும். அப்பயணத்தில் அவருக்கு நேர்ந்த பெருங்காயம் மிதிவண்டியால் நேர்ந்ததன்று. ஆப்கானிஸ்தானத்தில் பஸ்ஸொன்றில் ஏறிச் சென்றபோது துப்பாக்கியின் அடிக்கட்டை இடித்து விலாவெலும்பு மூன்று முறிந்தது. இதனை எம் வேன் கட்சியாரிடம் யான் சற்று உரக்கவே படித்துக் காட்டினேன்.

நம்மவரும் இதிற் பின்தங்கியவரல்லர். பம்பாயினின்று 1923 அக்டோபரில் அறுவர் பார்சி இளைஞர் உலகைச் சுற்றிவர மிதிவண்டியேறினர். மூவர் இடையே நின்றுவிட, அடி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்டம் பும்காரா என்னும் மூவர் 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர்.

இனி மோட்டார். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவர் அறுவர், மேற்சொன்ன லாண்ட் ரோவர் இரண்டில் லண்டனிலிருந்து புறப்பட்டு நிலவழியாகவே 1956 மார்ச்சில் சிங்கப்பூரை எய்தினர். எம்மைப் போன்றே அறுவர்! ஆனால் அவர்கள் வண்டி ஏறுமுன் செய்த வேலை யாது? கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதுதல். வண்டி ஒருவர் தந்தார். எண்ணெயும் உணவும் பிறர் தந்தனர். சலனப்படம் எடுக்கச் சுருளைப் பி.பி.சி. நிலையத்தார் தந்தனர். பர்மாவின் எல்லையில், போர்க்காலத்தில் வெட்டப்பட்டுப் பின் காடேறிப்போன லீடோ சாலையைக் கடக்க வண்டியின் வலிமை மட்டும் போதாது. அரசாங்கத்தின் அநுமதியும் வேண்டியிருந்தது.

இன்றும் அதே நிலை. தன் மோட்டார் வண்டியைக் கடல்கடந்தோ எல்லைகடந்தோ பல நாடுகளுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோன் "கார்னெட்" என்னும் சுங்கப் பத்திரம் பெறல் வேண்டும். வண்டியை அந்நாட்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொணர்வேன் என்பதற்குப் பெருந்தொகை பிணையாக வைக்கவும் வேண்டும். சுங்கத்தார்க்கு மோட்டார் ஒரு சரக்கு. மிதிவண்டியையோ பெரும்பாலும் பிரயாணியின் கைப்பொருள்களுள் ஒன்றாகவே விட்டுவிடுகின்றனர். எல்லையில் நிற்பவன் மனநிலை இதனால் எவ்வளவு வேறுபடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பழுதை எதிர்நோக்கிப் புறப்படுதல் நமக்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் மேடும் பள்ளமுமான வழியை நினைந்து, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்ற செய்தியை ஔவையார் புறநானூற்றில் உவமையாக வைத்திருக்கிறார். சேம அச்சு என்பது அதன் பெயர். இன்று வேனின் பின்புறம் தொங்கும் ஸ்டெப்னி அதன் வழித்தோன்றலே. டயர்க்கடைக்காரர் யாரேனும் அதனைச் "சேமச் சக்கரம்" என்று பலகையில் எழுதினால் எம் தமிழாசிரியர்கள் மகிழ்வார்கள். வாடிக்கைக்காரர் உள்ளே வருவார்களா என்பது ஐயம்.

பிறர் கதை இருக்கட்டும். யான் நேரே பட்டதைச் சொல்லாதுவிட்டால் இது நூலகத்துக் கட்டுரையாய் முடிந்துவிடும்.

சென்ற ஆனி மாதத்தில் என் கட்சி நண்பரும் யானும் திருநெல்வேலி டவுணினின்று நாகர்கோவிலுக்கு மிதிவண்டியிற் புறப்பட்டோம். எண்பது கிலோமீட்டர். என்னுடையது பதினோராம் வகுப்பில் அரசு இலவசமாக வழங்கிய வண்டி. ஒரே வேகம், நல்ல எடை. நாள்தோறும் ஈரடுக்குப் பாலத்தின் அடியிற் புகுந்து, 1843-இல் திறக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வருகிற அவ்வண்டியின்மேல் எனக்கு அளவற்ற நம்பிக்கை. விடியுமுன் புறப்பட்டு, நாங்குனேரியில் இட்டலி உண்டு, வள்ளியூரைத் தாண்டிப் பணகுடி சேரும்வரை எம்மைப்போல் வீரர் இல்லை என்றே இருந்தோம்.

பணகுடிக்கு அப்பால் காற்று வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் தறுவாயில் ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையால் தடையுண்டு, அவ்வாயில் ஒன்றின் வழியே நெருங்கிப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பது அக்காரணத்தால்தான். மின்சாரத்துக்கு அது வரம். மேற்கே மிதிப்பவனுக்கோ மதில். இதில் ஒரு கணக்கு உண்டு. காற்றின் தடை, நம்மை மோதும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஒப்ப ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்பவன் அசைவற்ற காற்றில் 15 வேகத்தின் தடையையே உணர்வான். எதிர்க்காற்று 30 ஆயின் அவன்மேல் மோதுவது 45. மூன்று மடங்கு வேகம். ஒன்பது மடங்கு தடை. மனிதன் காலில் ஒன்பது மடங்கு வலிமை எங்கிருந்து வரும்? யாம் இறங்கித் தள்ளினோம். தள்ளியபோதும் வண்டி பக்கவாட்டிற் சாய்ந்தது. கொண்டுசென்ற தண்ணீர் முன்னமே தீர்ந்திருந்தது. வெயிலில் மிதிப்பவனுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும் என்று பின்னர்ப் படித்தேன். அன்று இருவருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் கொண்டுபோயிருந்தோம்.

ஒரு மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர். நண்பர் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பொழுது "குட்டியானை" என்று நம்மவர் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்று வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் தாமாகவே நிறுத்தினார். "தம்பி, இந்தக் காத்துல சைக்கிள்ல யாரும் வருவாங்களாடே? ஏறுங்க" என்றார். மிதிவண்டிகளைத் தார்களின்மேற் படுக்கவைத்து, யாம் பின்னே நின்று அவை சரியாமற் பிடித்துக்கொண்டோம். கூலி கேட்கவில்லை. நாகர்கோவிலில் இறக்கிவிட்டு, ஒரு சீப்பு பழமும் கொடுத்துப் போனார். அவர் பெயரைக் கேட்க எமக்குத் தோன்றவில்லை.

இதனைக் கேட்ட வேன் கட்சியார் வழக்குத் தீர்ந்தது என்றனர். மிதிவண்டி தோற்றது, மோட்டார் வென்றது, சாட்சி நீயே என்றனர். யான் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. வேனிற் சென்றிருந்தால் அம்மனிதரை யான் கண்டேயிருக்கமாட்டேன். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மிதிவண்டிக்காரன் "யான் யாரையும் நம்பியிராமற் செல்கிறேன்" என்று பெருமை பேசுதல் பொய். அவனைப்போல் பிறரை நம்பிச் செல்பவன் இல்லை. தண்ணீருக்கு ஒரு வீட்டுக் கதவு, நிழலுக்கு ஒரு டீக்கடை, காற்றுக்கு ஒரு குட்டியானை. வேனில் இருப்பவன் நிற்கலாம், ஆனால் நிற்பதில்லை. மிதிவண்டியில் இருப்பவனால் நில்லாமற் செல்ல இயலாது.

நின்றதனால் விளைந்த பயனுக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய சான்று உண்டு. கால்டுவெல் ஐயர் 1841-இல் சென்னையினின்று இடையன்குடிக்குக் கால்நடையாகவே வந்தார். நீலகிரியைச் சுற்றி, மதுரை வழியாக வந்தார். பல்லக்கு அக்காலத்தில் வெள்ளையர்க்குக் கிடைக்காத பொருளன்று. மக்களையும் மொழியையும் அறிதற்கு நடையே தகும் என்று அவர் கருதினார். பதினைந்து ஆண்டுகட்குப் பின், 1856-இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. நடந்ததனாலேயே ஒப்பிலக்கணம் பிறந்தது என்று சொல்லுதல் மிகை. நடந்தவர் காதில் விழுந்த தமிழ், பல்லக்கின் திரைக்குள் இருந்தவர் காதில் விழுந்திராது என்ற அளவில் நிற்கலாம்.

மிதிவண்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது மனிதனைச் சுமக்கும். வேண்டுமாயின் மனிதனும் அதனைச் சுமக்கலாம். என் பாட்டனார் தேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உபாத்தியாயராக இருந்தவர். செந்நிற மணல் குன்றுகுன்றாகக் கிடக்கும் அத்தேரியிற் சக்கரம் புதைந்துபோம். மணல் வந்தவிடத்து அவர் மிதிவண்டியைத் தோளில் ஏற்றிக்கொள்வாராம். இறுகிய தரை வந்ததும் அதன்மேல் ஏறிக்கொள்வாராம். "பாதி தூரம் அது என்னைச் சுமந்தது, பாதி தூரம் நான் அதைச் சுமந்தேன், கணக்கு நேர்" என்பது அவர் வாக்கு. 2023 திசம்பர் 17, 18 நாட்களிற் பெய்த பெருமழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. தாமிரபரணி கரைகடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட தொடர்வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணே போய்விட்டபின் எந்த இயந்திரம் செல்லும்? வெள்ளம் சற்று வடிந்தபின், சாலை அறுந்த இடங்களில் மோட்டார்கள் வரிசையாக நிற்க, மிதிவண்டியைத் தோளில் ஏற்றி இக்கரையினின்று அக்கரைக்குப் பால் கொண்டுபோனவர்களை யான் கண்டேன்.

இவ்வளவும் மிதிவண்டியின் பக்கம் சொன்னேன். அதன் எதிரிலே வைக்கவேண்டிய பெருங்குறை ஒன்றுண்டு. அதனை மறைத்தால் இக்கட்டுரையைப் படித்துப் புறப்படும் இளைய மாணவர் எவருக்கேனும் தீங்கு விளையும். கன்னியாகுமரியிலிருந்து காச்மீரம் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேற்பட்டு நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரருகே செல்கிறது. அந்நான்குவழிச் சாலை மோட்டாருக்காகவே அமைந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு ஓரத்தில் மிதிப்பவன் தோன்றுவதும் மறைவதும் ஒரு கணம். இரவிலும், எதிர்த்திசையில் வண்டி விடுவோர் மிகுந்த இடங்களிலும் அது மிதிவண்டிக்கு ஏற்ற வழியன்று. என் தாயார் இந்த ஒரு காரணத்தைத்தான் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்கு யான் கொடுத்த வாக்கு இரண்டு. சூரியன் சாய்ந்தபின் மிதிப்பதில்லை என்பது ஒன்று. ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலையை விட்டுக் கோவிற்பட்டி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களுக்குள்ளே செல்லும் பழைய வழியைக் கூடியமட்டும் பிடிப்போம் என்பது மற்றொன்று. இரண்டாவது வாக்கினால் தூரம் சிறிது கூடும். ஆயின் தண்ணீரும் டீக்கடையும் அங்கேதான் உள்ளன.

இனி எம் வழக்கு முடிந்த வகை.

மூன்றாம் முறை கூடியபோதும் யானே பேசிக்கொண்டிருந்தேன். வொர்க்மன் தம்பதியரையும் டெர்வ்லா மர்பியையும் சொல்லி முடித்து, கடன்படுதல் பற்றிய என் கருத்தையும் விரித்தேன். கால் மடங்காத நண்பர் அதுகாறும் கேட்டிருந்துவிட்டு, "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. நான் எதிலே வருவது?" என்றார். ஒருவரும் விடை சொல்லவில்லை. எம் அறுவருள் சிலப்பதிகாரத்தை முற்றும் கற்றவர் அவர் ஒருவரே. புறப்படவேண்டும் என்று முதன்முதல் சொன்னவரும் அவரே. மூன்று கிழமையாக யாம் இழுத்த வழக்கில் அவருக்கு இடமே இருந்ததில்லை.

யான் வெட்கி, "வேனிலேயே போவோம்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவர் தலையசைத்தார். "அது வேண்டாம். வேனில் போனால் நீங்கள் எனக்காக வருவதாகவே இருக்கும். காடுகாண் காதையைப் பாருங்கள்" என்றார். புத்தகத்தைத் திறந்தோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை விட்டுத் தெற்கே வரும்பொழுது மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். மதுரைக்கு வழி எது என்று கோவலன் வினவ, கொடும்பாளூர்க் குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்பதையும், வலப்பக்கத்து வழியில் உள்ளது இது, இடப்பக்கத்து வழியில் உள்ளது இது, நடுவழியில் நேரும் இடர் இது என்பதையும் அம்மறையோன் விரித்துரைக்கிறான். அவன் அவ்வழியை முன்னமே கண்டவன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை உள்ளன என்று மனனம் செய்திருக்கிறோம். முன்னே போனவன் பின்னே வருபவனுக்கு வழி சொல்லுதலே ஆற்றுப்படை என்பதும் தேர்வுக்காகத் தெரியும். "நான் பஸ்ஸிலே முன்னே போகிறேன். நீங்கள் சைக்கிளிலே பின்னே வாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் தங்குமிடம் பார்த்து, எந்த வழி நல்லது, எங்கே தண்ணீர் என்று சொல்லியனுப்புகிறேன்" என்றார்.

மிதிவண்டியா, மோட்டாரா என்று மூன்று கிழமை வழக்காடிய எமக்கு, யாவருக்கும் பொதுவான பஸ் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அதற்குப் பிணைத்தொகையும் இல்லை, ஸ்டெப்னிக் கவலையும் நமக்கு இல்லை, ஒருவர் ஏறினாலும் வெறுமையாகப் போகிற இடத்திற்கு நாம் விலை கொடுப்பதில்லை. ஐவர் மிதிப்பது, ஒருவர் முன்செல்வது என்று முடிவாயிற்று. மீளும்பொழுது மயிலாடுதுறையில் மிதிவண்டிகளைத் தொடர்வண்டியின் சரக்குப் பெட்டியிற் பதிந்துவிட்டு அறுவரும் ஒருங்கே வருவோம். இதனால் ஆறு நாட்சோறு மிஞ்சுகிறது. என் கணக்குத் தாளும் நிமிர்ந்துவிட்டது. வேனுக்குரிய மாமாவிடம் நன்றி சொல்லித் திரும்பினோம். அவர் டீசல் விலை அறிந்தவராதலின் வருந்தவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுமுன், தை மாதத்தில் புறப்படுவது. அதற்குள் நண்பர் வேலையைத் தொடங்கிவிட்டார். சென்ற சனிக்கிழமை பஸ்ஸில் மதுரை சென்று மீண்டு, முதல் தாளை என்னிடம் தந்தார். அதில் உள்ளதைச் சுருக்கி எழுதுகிறேன். சாலையை அகலப்படுத்திய இடங்களிற் பழைய புளியமரங்கள் இல்லை. ஆகவே நிழலை நம்பவேண்டா. கயத்தாற்றில் நின்று இரண்டு பாட்டில் நீர் நிரப்புக. கோவிற்பட்டியில் உணவு, கடலை மிட்டாய் அங்கேயே வாங்கிக்கொள்க, வழியிற் பசிக்கு அதுவே போதும். சாத்தூருக்கு முன் ஆற்றுப்பாலத்தில் காற்று குறுக்கே வரும். விருதுநகரில் இரவு தங்க ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திற்குத் தலைமையாசிரியரிடம் வாய்ச்சொல் பெற்றிருக்கிறேன். ஐவர்க்கும் பாய் உண்டு, தலையணை இல்லை. மதுரை முதற் கொடும்பாளூர் வரைக்குமான இரண்டாம் தாள் அடுத்த சனிக்கிழமை வரும் என்றிருக்கிறார்.